சீர்த்தட்டில் ஐந்து மீன்

பதினோரு சீர்த்தட்டில் பத்துத் தட்டைப் பற்றி வாசுகிக்கு எந்தப் புகாரும் இல்லை. புடவை, வளையல், பழம், பூ, பலகாரம் எல்லாம் முறைப்படி வந்திருந்தன. பதினோராவது தட்டை மட்டும் அவளுடைய அண்ணன் அர்ச்சுனன் வேறு யார் கையிலும் கொடுக்காமல் தன் ஊரான பாலோவிலிருந்து உலு திராமில் இருக்கும் அவள் வீடு வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வெற்றிலை பரப்பிய பித்தளைத் தட்டு. நடுவில் காற்றடைத்து உப்பிய பிளாஸ்டிக் பை. பையின் கழுத்தில் ரப்பர் வளையம், வயிற்றில் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். உள்ளே கடல் தண்ணீரில் ஐந்து கறுப்பு மீன்கள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

"மருமக மீனு வளக்கப் போறான்னு கேள்விப்பட்டேன்" என்றார் அர்ச்சுனன், வாசலிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும் குரலில். "அப்புறம் தாய்மாமன் சீருல மீனு இல்லாம எப்படி? குளுவாங்குல ஒரு கடையில சொல்லி வெச்சு எடுத்தேன். நெத்தியப் பாரு தங்கச்சி. திருநீறு வெச்ச மாதிரி இல்ல?"

இருந்தது. ஒவ்வொரு மீனின் நெற்றியிலும் வெள்ளையாக ஒரு பொட்டு, இரண்டு விலாவிலும் ஒவ்வொரு பொட்டு. திருநீறு பூசிய மீன், போதாததற்குக் கறுப்பு மீன். தொட்டியில் கறுப்பு மீன் இருந்தால் வீட்டுக்கு வரும் கண்ணேறை அது வாங்கிக்கொள்ளும் என்று நம்பாத தமிழ்க் குடும்பம் ஜோகூரில் எத்தனை இருக்கும்? சீர் என்பது ஒற்றைப்படையில்தான் போக வேண்டும், அதனால் ஐந்து. மனிதர் அன்பாகத்தான் யோசித்திருக்கிறார். அன்பாக யோசித்துச் செய்யும் காரியத்தைத் தடுப்பதற்கு இந்த உலகத்தில் ஒரு வழியும் கிடையாது. வாசுகி சிரித்து வைத்தாள்.

அவள் கையிலிருந்த தொலைபேசி துடித்தது. உள்ளறையிலிருந்து ரூபினி. பதின்மூன்று வயது. வயசுக்கு வந்து இன்று பதினாறாவது நாள், தண்ணீர் ஊற்றும் நாள். தாய்மாமன் மாலை போட்டு அழைக்கும் வரைக்கும் அவள் அறையை விட்டு வரக் கூடாது. கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"அம்மா அது டொமினோ. வேணாம்."

அடுத்த செய்தி: "ப்ளீஸ்மா. முதல்ல விட்டுடாதீங்க."

கூடத்தில் இருக்கும் இந்த மூன்றடிக் கடல்மீன் தொட்டி ரூபினி கேட்டு, ஒரு வருடம் கெஞ்சி, அவளுடைய அப்பா காளிதாஸ் வாங்கி வைத்தது. பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை பார்க்கிறவருக்கு, தண்ணீரில் உப்பை அளந்து போடுவதும் சின்னக் குழாயில் ஊற்றி நிறம் பார்ப்பதும் வீட்டிலும் வேலைக்கு வந்த மாதிரிதான். இருந்தாலும் செய்தார். ஆறு வாரம் ஒரு மீனும் இல்லாமல் வெறும் கல்லும் மணலும் தண்ணீருமாகத் தொட்டி ஓடியது. நல்ல கிருமிகள் வளர வேண்டுமாம். அந்த ஆறு வாரமும் ரூபினி நோட்டுப் புத்தகமும் கையுமாகத்தான் இருந்தாள். எந்த மீன் எதோடு ஒத்துப்போகும், எது எதைக் கடிக்கும், எது எதைத் தின்னும். கடைசியில் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாள்: சாது முதலில், சண்டைக்காரன் கடைசியில். தொட்டிக்குள் முதலில் போகிறவன் அது முழுக்கத் தன் வீடென்று நினைத்துக்கொள்வான், பின்னால் வருகிறவனை இருக்க விட மாட்டான். முதலில் ஒரு ஜோடி ஆரஞ்சு நிறக் க்ளவுன் மீன், மாதம் கழித்து ஒரு கோபி மீன், அதன்பிறகு ஓர் இறால். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அவ்வளவுதான், அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. சண்டைக்காரர் வரிசையில் டொமினோவின் பெயரை எழுதி அதன்மேல் சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட்டிருந்தாள்.

இதெல்லாம் வாசுகிக்குத் தெரியும். பதினாறு நாளாக அந்த அறையில் மகளோடு படுத்து, தினமும் கேட்டிருக்கிறாள்.

காளிதாஸ் காலையிலேயே ஜோகூர் பாருவுக்குப் போய் ஜோடி க்ளவுனை வாங்கி வந்து, தண்ணீர்ச் சூடு பழகட்டும் என்று பையோடு தொட்டியில் மிதக்க விட்டிருந்தார். அர்ச்சுனன் தட்டோடு கூடத்துக்குள் வந்தார். தொட்டியைப் பார்த்தார். மிதக்கும் பையைப் பார்த்தார்.

"இது என்ன மச்சான், முன்னாடியே ஏதோ கெடக்குது?"

"அது பாப்பா கேட்ட மீனு, மச்சான்."

"சரி. தாய்மாமன் சீரு உள்ள போவட்டும், பொறவு அத விடுங்க."

காளிதாஸ் மறுவார்த்தை பேசாமல் கையை விட்டு அந்தப் பையை வெளியே எடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டின் புதுமனை புகுவிழாவில், தொழிற்சாலை மேலாளர் வந்துவிட்டார் என்று சீர் கொண்டுவரும் மச்சானுக்கு முன்னால் அவருக்கு மாலை போட்டு விளக்கேற்றச் சொன்னவர் காளிதாஸ்தான். அப்போது அர்ச்சுனன் சீர்த்தட்டோடு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கால் மணி நேரம். பிறகு தட்டுகளை வாசல் சிமெண்டுத் தரையில் இறக்கி வைத்தார், வண்டியை எடுத்தார், போய்விட்டார். ஆறு வருடம். ஒரு தீபாவளிக்கு வரவில்லை. காளிதாஸின் அம்மா செத்ததற்கு வந்து தெருவிலேயே நின்று தலையைக் காட்டிவிட்டுப் போனார். வாசுகி தொலைபேசியில் கூப்பிட்டால் பேசுவார். "நல்லா இருக்கியா?" "நல்லாத்தான் இருக்கேன்ண்ணே." அவ்வளவுதான். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, காய்ச்சலென்றால் குளுவாங் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்து, கல்யாணப் பந்தலில் தாரைவார்த்துக் கொடுத்தவர் அவர்தான். அந்த ஆறு வருடத்தில் வாசுகி அழாத பண்டிகை இல்லை.

ரூபினி வயசுக்கு வந்த செய்தியோடு, வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடப் பாலோவுக்குப் போனபோது, அண்ணன் கதவைத் திறந்து "வாங்க" என்று சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் காரில் விசும்பிக்கொண்டு வந்தாள்.

இப்போது தொலைபேசி விடாமல் துடித்தது. "அம்மா." "ம்மா??" "வாளியில வைங்க மா. அப்புறம் பாத்துக்கலாம்." "நீங்க படிக்கிறீங்கன்னு காட்டுது."

வாசுகி ஒரு முறை முயன்றாள். "அண்ணே, கொஞ்ச நேரம் பைக்குள்ளயே இருக்கட்டுமே. சடங்கு முடிஞ்சு..."

"ஏன்?" அர்ச்சுனன் முகம் மாறிவிட்டது. குரல் உயரவில்லை, தணிந்தது. "இந்தத் தடவையும் என் சீரு வெளிய காத்துக் கெடக்கணுமா?"

"ஐயோ, இல்லண்ணே."

"பின்ன?"

கூடத்தில் நாற்பது பேர். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். மகள் பக்கம் பேசினால் அண்ணன் போய்விடுவார், இந்த முறை போனால் திரும்ப மாட்டார். அண்ணன் பக்கம் நின்றால், அறைக்குள் ஒரு பிள்ளை பதினாறு நாளாக எதிர்பார்த்த ஒரே காரியம் கெட்டுப்போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"ஊத்துங்கண்ணே" என்றாள்.

ஐந்து டொமினோவும் தொட்டிக்குள் இறங்கின. பெண்கள் குலவையிட்டார்கள். சில பேர் கைதட்டவும் செய்தார்கள். அறைக்குள்ளிருந்து அதற்குமேல் ஒரு செய்தியும் வரவில்லை. பட்டுப் புடவையோடும் மாலையோடும் வெளியே வந்த ரூபினி தொட்டியை ஒரு தடவை பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மணையில் உட்கார்ந்தாள். பெண்ணுக்கு வெட்கம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

ரூபினியின் நோட்டுப் புத்தகம் எழுதியபடியே எல்லாம் நடந்தது. டொமினோக்கள் பாறையைப் பிடித்துக்கொண்டன. சாயங்காலம் க்ளவுன் ஜோடியை விட்டதும் ஐந்தும் சேர்ந்து அவற்றைத் துரத்தின. ஜோடி பம்புக்குப் பின்னால் மூலையில் ஒண்டியது, சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் சின்னதன் வால் கிழிந்து தொங்கியது. நான்காம் நாள் அது மணலில் கிடந்தது. ரூபினி அதை டிஷ்யூவில் சுற்றி எடுத்துப்போய்ச் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்தாள். அழவில்லை. திட்டியிருந்தால்கூட வாசுகிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மிச்சமிருந்த க்ளவுனைக் காளிதாஸ் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, தொட்டிக்குள்ளேயே ஓரமாகத் தொங்க விட்டார். இரண்டு சாண் நீளப் பெட்டி. தனக்காக வாங்கிய தொட்டியில், தனக்காகச் சேர்த்த தண்ணீரில், அந்த மீன் பெட்டிக்குள் முட்டி முட்டித் திரும்பியது.

டொமினோக்களைப் பிடித்து வெளியே எடுத்துவிடலாம் என்றால், அதுதான் முடியாது. ஏனென்றால் அர்ச்சுனன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். மீனைப் பார்க்க வந்தார். பாலோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, விரலை நீட்டி எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. எல்லாம் சௌக்கியம்!" பிறகு மத்தியானம் சாப்பிட்டார், காளிதாஸோடு பேசினார், கூடத்திலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தார். வாசுகி அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள். ஆறு வருடமாகக் கேட்காத சத்தம். போகும்போது, "அடுத்த வாரமும் வரேன்" என்றார்.

அந்த வியாழக்கிழமை ஒரு டொமினோ செத்தது. சண்டைக்காரர்கள் ஐந்து பேரை ஒரே இடத்தில் விட்டால் அவர்கள் தங்களுக்குள்ளேயும் அடித்துக்கொள்வார்கள் என்பதும் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததுதான். சடங்குச் சீரில் வந்த உயிர் செத்தால் அது நல்லதில்லை என்பார்கள். அண்ணன் என்ன நினைப்பார்? கவனிக்காமல் விட்டுவிட்டார்கள், மதிக்கவில்லை என்பார். அவள் பாசிர் கூடாங்குக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, வேல முடிஞ்சு வர்றப்ப ஒரு டொமினோ வாங்கிட்டு வாங்க."

"அந்தச் சனியனையா? திரும்பவுமா?" என்றார் காளிதாஸ்.

"அதேதான். அதே அளவு."

அப்படித் தொடங்கியது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ சாகும், சனிக்கிழமை காளிதாஸ் போய் ஒன்றோ இரண்டோ வாங்கி வருவார். கடைக்காரச் சீனர் ஒருநாள் அவரை நிறுத்தி, "பாஸ், லாகி டொமினோ? இன்னுமா? நீங்க என்னா, சமச்சுச் சாப்புடுறீங்களா?" என்றே கேட்டுவிட்டார். முதலில் வந்த ஐந்தில் ஒன்றுதான் மிஞ்சியது. அது தின்று கொழுத்து மற்றதைவிட இரண்டு பங்கு வளர்ந்து, பாறை மேலே நின்றுகொண்டு தொட்டியை மேற்பார்வை பார்த்தது. காளிதாஸ் அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தார். சனிக்கிழமை போட்ட புது மீன்களைக் கங்காணி ஞாயிற்றுக்கிழமை வரை உயிரோடு விட்டு வைக்க வேண்டுமே என்று வாசுகி சாமியறையில் நின்று வேண்டிக்கொண்டாள். ஒரு மீனை இன்னொரு மீனிடம் தயவு காட்டச் சொல்லி முருகனிடம் கேட்கிற நிலைமை. சிரிப்பு வரவேண்டிய காரியம்தான். அவளுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தாலே மணிக்கொரு தடவை தொட்டி முன்னால் போய் நின்று எண்ணினாள். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. முதல் மீன் செத்த அன்றே சொல்லியிருந்தால் பொய்யே இல்லை. இப்போது சொன்னால் ஏழு வாரப் பொய்.

எட்டாவது ஞாயிறு. அர்ச்சுனன் எண்ணி முடித்தார், ஐந்து சரியாக இருந்தது. வாசுகி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். ரூபினி தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பெட்டிக்குள் உணவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆரஞ்சு மீன ஏன் தாயி பெட்டிக்குள்ளயே போட்டு வெச்சிருக்க?" என்று கேட்டார் அர்ச்சுனன். "பாவம்லா. தொறந்து விடேன்."

ரூபினி நிமிர்ந்தாள். தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்தாள்.

"அதுக்குப் பழகிடுச்சு மாமா. நல்லாத்தான் இருக்கு."

அது வாசுகியின் குரல். அந்தச் சாய்ப்பு, அந்தச் சிரிப்பு, அந்த 'நல்லாத்தான்', எல்லாம் அவளுடையது. போனில் ஆறு வருடம் சொன்னது, அதற்கு முன்னால் மாமியாரிடம் சொன்னது, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு எழுத்து பிசகாமல் கற்றுக்கொண்டு நிற்கிறாள். யார் கற்றுக்கொடுத்தது? வேறு யார்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நல்லா இல்லண்ணே" என்றாள். "அது நல்லா இல்ல. வெளிய விட்டா உங்க மீனு அதக் கொன்னுடும். அதோட ஜோடியக் கொன்னுடுச்சு. உங்க மீனும் உங்க மீனு இல்ல. நீங்க கொண்டாந்ததுல ஒண்ணுதான் இருக்கு, அந்தப் பெருசு. மத்ததெல்லாம் செத்துப் போச்சு. வாராவாரம் இவரு வாங்கியாந்து போடுறாரு, நீங்க எண்ணுவீங்கன்னு."

சொல்லச் சொல்ல அவளுக்கே பயமாக இருந்தது. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. "பாப்பா அன்னைக்கே வேணாம்னு சொன்னா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஊத்தச் சொன்னேன்."

காளிதாஸ் சுவரைப் பார்த்தார். ரூபினி கையில் உணவு டப்பாவோடு அப்படியே நின்றாள்.

"ஏழு வாரமா?" என்றார் அர்ச்சுனன்.

"ஏழு வாரமா."

"எதுக்கு? நான் என்ன, மீனுக்காகவா வந்தேன்? மீனு இல்லன்னா நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன்னு நெனச்சியா?"

இல்லண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்பத்தொரு வருடமாக அவள் வாயில் தயாராக இருக்கும் பதில் அதுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஆமா" என்றாள் வாசுகி. "ஆமாண்ணே. ஒரு மாலைக்காக ஆறு வருஷம் வராம இருந்தீங்க."

அர்ச்சுனன் எழுந்தார். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். செருப்பைக் காலில் மாட்டும் சத்தம் கேட்டது, கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. போ, பின்னால் போ, கையைப் பிடி என்று காளிதாஸ் கண்ணால் சைகை காட்டினார். வாசுகி போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். ரூபினி மெல்ல வந்து அவள் புறங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார்க் கதவு திறந்தது. மூடியது. இன்ஜின் சத்தம் வரவில்லை.

அர்ச்சுனன் திரும்பி வந்தார். கையில் ஒன்றரை லிட்டர் காலித் தண்ணீர்ப் போத்தல் ஒன்று. யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கத்தி குடு" என்றார், பொதுவாக. காளிதாஸ் ஓடிப்போய் எடுத்து வந்தார். போத்தலின் கழுத்துப் பக்கத்தை அறுத்து, அதையே தலைகீழாகப் போத்தலுக்குள் செருகினார். மீன் உள்ளே போகலாம், வெளியே வர வழி தெரியாது. "எங்க வீட்டுக்குப் பின்னால வாய்க்கால்ல இப்படித்தான் புடிப்போம்" என்றார் தொட்டியிடம். பிறகு தயங்கி, ரூபினி பக்கம் லேசாகத் திரும்பினார். "இந்த மீனு வருமா?"

ரூபினி யோசித்தாள். "இறால் துண்டு வெச்சா வரும், மாமா."

இறால் வைத்துப் போத்தலைப் பாறையோரமாக இறக்கினார்கள். கங்காணி பாறை மேலிருந்து பார்த்தது. கிட்டே வந்தது, ஒதுங்கியது. அர்ச்சுனன் பொறுக்காமல் கண்ணாடியைத் தட்டினார்.

"மாமா, தட்டாதீங்க" என்றாள் ரூபினி. சிரிக்கவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. "நீங்க தட்டுனா அது வராது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவர் கையை எடுத்தார். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் போனது. போத்தலின் வாய்க்குள் கங்காணி பாதி உடம்பை விட்டிருந்தது.

"தங்கச்சி" என்றார் அர்ச்சுனன், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் அடுத்த வாரமும் வருவேன். ஆனா கோவம் போயிருக்காது. சொல்லிட்டேன்."

வாசுகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவத்தோடயே வாங்கண்ணே" என்றாள்.